பெரட்டுக்களத்தில் இருந்து வார்ஹேமர் வாசிப்பது

தோட்டத்துல காலையில ஆளுங்களை வரிசையா நிக்க வச்சு, பேர் கூப்பிட்டு, வேலைக்குப் பிரிச்சு விடுற இடத்துக்குப் பெரட்டுக்களம்னு பேர். ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்தான் நம்ம வாயில பெரட்டு ஆச்சு. அதாவது அது பட்டாளத்துச் சொல். கொழுந்து பறிக்கப் போற பொம்பளைக்கு எதுக்குப் பட்டாளத்துச் சொல்னு யோசிச்சாலே, மலையகத் தோட்டம் எப்படிப்பட்ட ஏற்பாடா உருவாச்சு என்பது பாதி விளங்கிடும். மீதிப் பாதிக்கு நான் சிபாரிசு பண்ணப் போறது கொஞ்சம் விசித்திரமான புத்தகங்கள். மேசைமேல பொம்மைப் படைகளை வச்சு விளையாடுற ஒரு இங்கிலாந்து விளையாட்டின் உலகத்துல நடக்கிற, விண்வெளிப் போர் நாவல்கள்.

விளையாட்டின் பேர் வார்ஹேமர் 40,000. ‘ஸ்பேஸ் மரீன்’ வீடியோ கேம் வழியா சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். பொம்மைகளை வாங்கி, ஒட்டி, பெயின்ட் அடிச்சு விளையாடுறதெல்லாம் நம்ம பட்ஜெட்டுக்குள்ள வராத விஷயம். ஒரு சின்னப் பெட்டியோட விலையைப் பார்த்தாலே மனசு விட்டுப் போயிடும். நாவல் அப்படியில்ல. ஒரு போனும், ஓரளவு ஆங்கிலமும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

படையை மேசையில வச்சு விளையாடுறது புதுசு இல்ல. சதுரங்கம்னா யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படை; பேர்லயே இருக்கு. ஆனா இப்ப நாம பேசுற வகை விளையாட்டு பிரஷ்யாவுல பிறந்தது. 1812இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு தன் மன்னருக்கு ஒரு போர் விளையாட்டு மேசையையே செஞ்சு கொடுத்தார். 1824இல் இராணுவ அதிகாரியான அவர் மகன் அதை வரைபடத்துக்கும் பகடைக்கும் மாத்தினார். பிரஷ்யப் படை அதிகாரிகளுக்குப் பயிற்சியாவே அதை எடுத்துக்கிட்டது. எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார்: ஈயச் சிப்பாய்களையும் ஸ்பிரிங் பீரங்கிகளையும் வச்சு வீட்டுத் தரையில சண்டை போடுறதுக்கான விதிகள். அடுத்த வருஷமே முதலாம் உலகப் போர் வந்துட்டது.

1975இல் லண்டன்ல மூணு நண்பர்கள் சேர்ந்து கேம்ஸ் வர்க்‌ஷொப் என்ற கம்பனியைத் தொடங்கினாங்க. 1983இல் வாள், மந்திரம் எல்லாம் வர்ற ‘வார்ஹேமர்’. 1987இல் ரிக் பிரீஸ்ட்லி அதையே விண்வெளிக்குக் கொண்டுபோய் ‘வார்ஹேமர் 40,000: ரோக் டிரேடர்’ என்று வெளியிட்டார். 1987 இந்த நாட்டுல எப்படிப்பட்ட வருஷம்னு நான் சொல்லத் தேவையில்ல. வடமராட்சியில நிஜக் குண்டு விழுந்துக்கிட்டிருந்த அதே வருஷம்தான் இங்கிலாந்துப் பையன்கள் போரைப் பெட்டியில வாங்கினாங்க.

கதைக்களம் இதுதான். நாற்பத்தோராவது ஆயிரமாண்டு. மனித இனத்துக்கு ஒரு பேரரசு. அதன் பேரரசர் பத்தாயிரம் வருஷமா ஒரு பொன் சிம்மாசனத்துல சாகவும் முடியாம வாழவும் முடியாம கிடக்கிறார். அவரைக் கடவுள்னு கும்பிடுறாங்க. பத்து லட்சம் உலகங்கள் அவருக்குத் திறை கட்டணும். தானியம் விளையுற கிரகம் தானியம் தரணும், சுரங்கக் கிரகம் தாது தரணும், எல்லாக் கிரகமும் ஆள் தரணும், பட்டாளத்துக்கு. ஒரு கிரகம் எதைத் தருதோ அதுதான் அதன் அடையாளம். அங்க இருக்கிறவங்களுக்குன்னு ஒரு வரலாறு, பாட்டு, சாமி எல்லாம் இருந்தாலும் தலைமைச் செயலகத்துப் பதிவேட்டுல அது ‘விவசாய உலகம்’, அவ்வளவுதான்.

இதை ஊவாவில் இருந்து வாசிக்கிற ஆளுக்கு இது பெரிய கற்பனையா தெரியாது. முதல்ல கோப்பி, 1869இல் இலை நோய் வந்து கோப்பி செத்துப் போக, பிறகு தேயிலை. லண்டன் ஏலத்துல ‘ஊவா’ என்பது ஒரு வாசனையின் பேரா இருந்தது. இந்த நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான காலத்துல இங்க யார் பிறந்தாங்க, யார் செத்தாங்க என்பது அந்தப் பேருக்குள்ள வராது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துல தமிழ்நாட்டில் இருந்து ஆள் கொண்டுவந்தபோது, எந்தத் தோட்டத்துக்குப் போற ஆள்னு எழுத்தும் இலக்கமும் அடிச்ச ஒரு தகரத் துண்டை ஒவ்வொருத்தர்கிட்டயும் கொடுத்தாங்க. டின் டிக்கெட்னு பேர். 1964 ஒக்டோபர்ல சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து கணக்குப் போட்டப்போ நாம மொத்தம் 9,75,000. அதுல 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை பிறகு பாத்துக்கலாம்னு விட்டாங்க. பிறகு 1974இல் ஆளுக்குப் பாதியா பிரிச்சாங்க. ஒரு வீட்டுக்குள்ளயே பிரிஞ்சு போன அண்ணன் தம்பி எந்தக் கணக்குல வந்தாங்கன்னு அந்த ஒப்பந்தம் கேக்கல.

அதனாலதான் நான் முதல்ல கையில கொடுக்கிற புத்தகம் மிட்செல் ஸ்கான்லன் 2005இல் எழுதின ‘ஃபிஃப்டீன் அவர்ஸ்’. வார்ஹேமர் ரசிகர்கள் தங்களோட டாப் டென் பட்டியல்ல இதை அதிகம் வைக்க மாட்டாங்க. ஆர்வின் லார்ன் என்ற ஒரு விவசாயக் கிரகத்துப் பையன் பட்டாளத்துக்கு எடுக்கப்படுறான். போக வேண்டிய இடத்துக்குப் போகாம வேற ஒரு போர்முனையில, புரோஷெரோக் என்ற முற்றுகைக்குள்ள இருக்கிற நகரத்துல இறக்கி விடப்படுறான். அங்க புதுசா வர்ற சிப்பாயோட சராசரி ஆயுள் பதினஞ்சு மணித்தியாலம். ஏன் அங்க போனான்? எங்கயோ ஒரு எழுத்தர் வேலையில வந்த பிழை. எதிரிகூட இல்ல, பைல்! இந்த நாவல்ல எனக்குப் பிடிச்சது சண்டை இல்ல. பழைய சிப்பாய்கள் அவன் பேரைக் கேக்கவே மாட்டேங்கிறாங்க. பதினஞ்சு மணித்தியாலம் தாண்டினா கேப்போம்னு இருக்காங்க. மொழிநடை சுமார்தான், சில இடத்துல ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவார். ஆனா பேரரசு என்பது கெட்டவன் ஒருத்தன் சிம்மாசனத்துல இருக்கிறது இல்ல, கணக்குப் புத்தகம் ஒண்ணு தப்பா எழுதப்படுறதுதான் என்பதை இவ்வளவு நேரா சொன்ன புத்தகம் அந்த வரிசையில குறைவு.

இந்த உலகம் எங்கிருந்து வந்தது? ஒளிச்சு வைக்கவே இல்ல, அத்தனையும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துப் பழைய சாமான். ‘ரோக் டிரேடர்’ என்பவன் பேரரசின் உரிமைப் பத்திரம் ஒண்ணை வச்சுக்கிட்டு, சொந்தக் கப்பல், சொந்தப் படையோட எல்லைக்கு அப்பால போய் வியாபாரமும் யுத்தமும் பண்ற ஆள். கிழக்கிந்தியக் கம்பனிக்கு ரொக்கெட் பூட்டின மாதிரி. சிவப்புக் கோட்டு, வெள்ளைத் தொப்பி போட்ட ‘பிரிட்டோரியன்’ பொம்மைகளைப் பார்த்தீங்கன்னா ஆப்பிரிக்காவுல சூலு மக்களோட சண்டை போட்ட வெள்ளைச் சிப்பாய்கள் அப்படியே நிப்பாங்க.

டான் ஆப்நெட்டின் ‘கோண்ட்ஸ் கோஸ்ட்ஸ்’ வரிசை இதுல அடுத்த படி. முதல் நாவல் ‘ஃபர்ஸ்ட் அண்ட் ஒன்லி’ 1999இல் வந்தது. இதுக்கு முன்னோடி பேர்னார்ட் கோர்ன்வெல்லின் ‘ஷார்ப்’ நாவல்கள். நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் காலாள் படையில அடிமட்டத்துல இருந்து மேல வர்ற ஒரு சிப்பாயின் கதை. அந்த ஷார்ப்போட இளமைக் கதை ‘ஷார்ப்ஸ் டைகர்’ எங்க நடக்குது தெரியுமா? 1799இல், திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்துல. ஆக, திப்புவின் கோட்டைச் சுவரை ஏறின சிப்பாயின் பேரன் மாதிரிதான் விண்வெளியில சண்டை போடுற கோண்ட்.

ஆனா ஆப்நெட் ஒரு விஷயத்தை மாத்திட்டார், அதுதான் இந்த வரிசையின் உயிர். இப்ராம் கோண்ட் என்ற அதிகாரி, டானித் என்ற காட்டுக் கிரகத்துல புதுசா படை திரட்டுறான். திரட்டின அன்னைக்கே அந்தக் கிரகம் எதிரியால அழிக்கப்படுது. கையில கிடைச்ச ஆளுங்களோட கோண்ட் வெளியேறிடுறான். அதனால அது ‘முதலாவது, ஒரே’ டானித் படையணி. இரண்டாவது இனிக் கிடையாது, ஆள் எடுக்க ஊர் இல்ல. காப்பாத்தினான்னு சிலர், சண்டை போட்டுச் சாக விடாம இழுத்துட்டு வந்துட்டான்னு பலர். அந்தக் கசப்போடயே அவங்க அவனுக்குக் கீழ சண்டை போடுறாங்க.

இந்த வரிசையில மூணாவது, ‘நெக்ரோபோலிஸ்’. முதல் ரெண்டைப் படிக்காமலே இதைப் படிக்கலாம், நான் அப்படித்தான் சொல்லுவேன். வெர்வன்ஹைவ் என்ற பெரிய தொழில் நகரம் முற்றுகைக்குள்ள மாட்டுது. மேல்மட்டத்துப் பிரபுக்கள் அதிகாரப் போட்டியில இருக்க, கீழ சுரங்கத் தொழிலாளிகளும் நெசவு ஆலைப் பொண்ணுங்களும் இடிபாட்டுக்குள்ள கிடைச்சதை எடுத்துக்கிட்டுத் தாங்களே படையா மாறுறாங்க. கோல் கொலியா என்ற சுரங்கத் தொழிலாளிதான் என்னைப் பொறுத்தவரை அந்த நாவலின் நாயகன், கோண்ட் இல்ல. நகரம் தப்புது, ஆனா யாரும் வாழக்கூடிய இடமா அது மிச்சமில்ல. ஊரை இழந்தவங்க டானித் படையணியோடயே சேர்ந்து போறாங்க. இந்த இடத்துல எனக்கு 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டுட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன நம்ம சனம்தான் ஞாபகம் வந்தாங்க. ஒரு தடவை ஊர் போனவங்களுக்கு அங்கயும் திரும்ப யுத்தம் வந்தது. இழந்தவங்க இழந்தவங்களோட சேர்ந்து ஒரு ஊர் ஆகுறது இலக்கியத்துக்கு மட்டும் சொந்தமான விஷயம் இல்ல.

சிரிக்கணும்னா சாண்டி மிட்செல்லின் ‘ஃபோர் த எம்பரர்’. 2003. பேரரசின் மாவீரன்னு போஸ்டர் எல்லாம் ஒட்டப்பட்ட சயஃபஸ் கேய்ன், தன் இரகசிய நினைவுக் குறிப்புல தான் எப்படியெல்லாம் ஓடி ஒளியப் பார்த்தேன்னு எழுதுறான். ஓடின பக்கமெல்லாம் வெற்றி வந்து விழுது. 1857 சிப்பாய்க் கலகம் வரைக்கும் போய் வந்த ‘ஃப்ளாஷ்மன்’ என்ற பழைய கோழை நாயகனின் வாரிசு. வெள்ளைக்கார அதிகாரிகளின் வீரதீர நினைவுக் குறிப்புகள் படிச்சவங்களுக்கு இது இரட்டைச் சிரிப்பு. பதுளையில உதவி அரசாங்க அதிபரா இருந்த மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேல யானைகளைச் சுட்டவர். 1845இல் அப்புத்தளையில இடி விழுந்து செத்தார். இது நாவல் இல்ல, வரலாறு. கேய்ன் கதையில வந்திருந்தா மிகைன்னு சொல்லியிருப்போம்.

இனி கொஞ்சம் கனமான புத்தகம். ‘ஹோரஸ் ஹெரெஸி’ வரிசை 2006இல் தொடங்கி ஐம்பதுக்கும் மேல போயிட்டது, எல்லாத்தையும் படிக்கச் சொன்னா அது நட்பு இல்ல. முதல் நாவலான ஆப்நெட்டின் ‘ஹோரஸ் ரைசிங்’ மட்டும் படிங்க. பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, பேரரசர் நல்லா இருந்த காலம். அவரோட படைகள் ஒவ்வொரு உலகமா போய் ‘இணங்க’ வைக்கிறாங்க. கைப்பற்றினோம்னு சொல்ல மாட்டாங்க, இணங்கிட்டதுன்னுதான் பதிவேட்டுல எழுதுவாங்க. அந்த உலகத்துக்கு 63-19னு ஒரு இலக்கம் மட்டும் மிஞ்சும். நாவல் தொடங்குறப்போ இணங்க வைக்கப்படுற உலகத்துல ஏற்கனவே ஒரு பேரரசர் இருக்கார். அவங்களுக்கு அவர்தான் உண்மையான பேரரசர். யார் போலி?

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டியில கையெழுத்தான ஒப்பந்தமும் ஒரு இணக்கப் பத்திரம்தான். நாயக்கர் வம்சத்து அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை நீக்கிட்டு, ஊவாவும் வெல்லஸ்ஸவும் இனி ஆங்கிலேய மன்னருக்குச் சொந்தம்னு எழுதினாங்க; அரசரைப் பிறகு வேலூருக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டே வருஷம். 1817இல் வெல்லஸ்ஸவில் ஒருத்தர் தான்தான் நாயக்க வம்சத்து துரைசாமி, தான்தான் அரசர்னு சொல்லிக்கிட்டு எழும்பினார். உண்மையில அவர் வில்பாவே என்ற முன்னாள் பிக்கு. சிங்களக் கிராமங்கள் ஒரு தமிழ்ப் பேருக்குப் பின்னால திரண்டன என்ற இந்த விஷயத்தைப் பள்ளிக்கூடப் புத்தகம் அவசரமா கடந்து போயிடும். பதுளையில இருந்த சில்வெஸ்டர் வில்சன் என்ற அதிகாரி அங்க போய்க் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க ஊவாவின் திசாவையான கெப்பெட்டிபொலவை அனுப்பினாங்க; அவரோ போய் அவங்களோடயே சேர்ந்துட்டார். ஆங்கிலேயர் ஆளனுப்பி சென்னையில இருந்து சிப்பாய்களை வரவழைச்சாங்க. அதாவது கோப்பிக் கூலிகளுக்கு முன்னாடியே தென்னிந்தியர்கள் ஊவாவுக்குள்ள வந்தது, துவக்கு தூக்கிக்கிட்டு, கம்பனிப் பட்டாளமா. நெல்லு, மாடு, பழ மரம், வீடு எதுவும் மிச்சம் வைக்காம எரிச்சாங்க. நம்ம ஆளுங்க அந்த எரிச்ச பக்கத்துல நின்னாங்க என்பதையும் சேர்த்தே நாம படிக்கணும். விண்வெளிப் பட்டாளத்துல வேற கிரகத்தை எரிக்கப் போற விவசாயக் கிரகத்துப் பையனும் அதே ஆள்தான்.

கெப்பெட்டிபொலவை 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியில தலையை வெட்டினாங்க. மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோய், மண்டை அளவை வச்சு மனுஷ குணத்தைச் சொல்ற சங்கத்துக்குக் கொடுத்தாங்க. அது திரும்பி வந்து கண்டியில வைக்கப்பட்டது 1954இல். வார்ஹேமர் உலகத்துல விசுவாசமான வேலைக்காரங்களோட மண்டையோட்டுல இயந்திரம் பொருத்திப் பறக்க விடுவாங்க, செத்த பிறகும் வேலை செய்யணும். படத்துல பாக்க கூலா இருக்கும். எனக்கு ஒவ்வொரு தடவையும் எடின்பரோ ஞாபகம்தான்.

‘துரோகி’ என்ற சொல்லுக்கு இந்த நாட்டுல என்ன எடை இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். கெப்பெட்டிபொலவும் மத்தவங்களும் அரசாங்க வர்த்தமானியில துரோகிகளாத்தான் எழுதப்பட்டாங்க. அந்தப் பட்டத்தை நீக்கினது 2016 டிசம்பர்லதான். ‘ஹோரஸ் ரைசிங்’ ஒரு துரோகி உருவாகுறதுக்கு முன்னாடி உள்ள கதை. நல்லவனா, நண்பர்களுக்குப் பிரியமானவனா இருந்த ஒரு தளபதியை நமக்குப் பிடிக்க வச்சுட்டுத்தான் ஆப்நெட் நம்மளை விடுறார்.

இப்ப ஒரு சங்கடமான விஷயம். இந்த நாவல்கள்ல ‘அந்நியன்’, ‘வேதவிரோதி’, ‘பூண்டோட அழி’ என்ற சொற்கள் சாதாரணமா வரும். எழுதினவங்க இதை நையாண்டின்னு சொல்றாங்க. இதை நிஜக் கொள்கையா எடுத்துக்கிட்டவங்களும் ரசிகர் கூட்டத்துல இருக்காங்க. 2021 நவம்பர்ல கம்பனியே அறிக்கை விட்டு, பேரரசு வெறுப்பால இயங்குறது, அது பாராட்டுறதுக்கு இல்லன்னு சொல்ல வேண்டி வந்தது. பண்டாரவளைக்குப் பக்கத்துல பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம்ல 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி ஒரு கும்பல் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்க் கைதிகளைக் கொன்றது. அந்த இடத்தைத் தாண்டித்தான் நம்மள்ல பலர் பஸ்ல போய் வர்றோம். அதனால, நம்மகிட்ட நையாண்டின்னா அது நையாண்டியா தெரியணும். எட்டடி உயர அதிமானிடப் படைவீரர்கள் பக்கம் பக்கமா வெட்டிச் சாய்க்கிற நாவல்கள் இந்த வரிசையில நிறைய இருக்கு. அதுங்கள்ல எனக்கு அந்த நையாண்டி தெரியல. அதுங்களை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். காலாள் சிப்பாயும் தொழிலாளியும் கதை சொல்ற புத்தகங்கள்ல அது தெரியுது.

அப்படித் தெரியுறதுல சிறந்தது ஏட்ரியன் சைக்கோவ்ஸ்கி 2022இல் எழுதின ‘டே ஒஃப் அசென்ஷன்’. மொரோட் என்ற தொழிற்சாலைக் கிரகம். இயந்திரத்தைக் கும்பிடுற துரைமார் மேல. சுரங்கத்துலயும் ஆலையிலயும் தலைமுறை தலைமுறையா கிடக்கிற சனம் கீழ. திறை நாள் வந்தா பிள்ளைகளைப் பட்டாளத்துக்குப் பிடிச்சுட்டுப் போவாங்க. டேவியன் என்ற பொண்ணு கீழ இருக்கிற ஒரு இரகசியச் சபையைச் சேர்ந்தவ. ஒரு நாள் வானத்துல இருந்து தேவதைகள் வந்து எங்களை மீட்பாங்க என்பது அவங்க நம்பிக்கை. மேல இருக்கிற ட்ரிஸ்கெல்லியன் என்ற விஞ்ஞானிக்கோ பதவி உயர்வுதான் கவலை. ரெண்டு பேர் பார்வையிலயும் மாறி மாறிக் கதை போகுது. வார்ஹேமர் உலகம் தெரிஞ்சவங்களுக்கு அந்தத் தேவதைகள் யார்னு முதல் அத்தியாயத்துலயே விளங்கிடும், தெரியாதவங்களுக்கு நான் சொல்லல. விளங்கின பிறகும் நீங்க டேவியன் பக்கம்தான் நிப்பீங்க, அதுதான் சைக்கோவ்ஸ்கியின் கெட்டித்தனம்.

ஆனா எனக்கு ஒரு மனக்குறை இருக்கு. 1940 மே மாசம். மலைநாடு முழுக்க வேலைநிறுத்தம் பரவி, அது ஊவாவுக்கு வருது. பதுளைக்குப் பக்கத்துல வெவெஸ்ஸ தோட்டத்துல தொழிலாளர்கள் தங்களுக்குள்ள ஒரு சபையைத் தேர்ந்தெடுக்கிறாங்க. அந்தச் சபையோட கலந்து பேசித்தான் தோட்டத்தை நடத்துவேன்னு துரை ஒப்புக்கொள்ள வேண்டி வருது. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸ்காரங்ககிட்ட இருந்து தொழிலாளர்கள் ஆயுதத்தைப் பிடுங்கிட்டாங்க. அவங்களோட நின்னது லங்கா சமசமாஜக் கட்சிக்காரங்க. அந்த நேரம் பார்த்துப் பெருவெள்ளம் வந்து ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல மத்த இடங்கள்ல இருந்து துண்டிச்சுடுது. பாதை இல்ல, செய்தி இல்ல. அந்தத் தனிமைக்குள்ள பொலிஸ் அடக்குமுறை இறங்கி, அலையை உடைச்சது.

துண்டிக்கப்பட்ட ஒரு உலகம், கீழ இருந்து எழும்பின ஒரு சபை, மேல இருந்து வர்ற படை. வார்ஹேமர் நாவலுக்கு வேண்டிய எல்லாமே இருக்கு. ஆனா நான் படிச்ச வரைக்கும் அந்த உலகத்துல ஒரு தொழிலாளிக்கு ரெண்டே வழிதான்: பேரரசுக்கு உழைச்சுச் சாகுறது, இல்லன்னா ஏதோ ஒரு பூதத்தைக் கும்பிட்டு எழும்புறது. வெவெஸ்ஸவில் யாரும் பூதத்தைக் கும்பிடல. பெரட்டுக்களத்துல நின்ன அதே ஆளுங்க, கூப்பிட்ட அதே பேரோட, கை தூக்கி ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தாங்க. பத்து லட்சம் உலகத்தைக் கற்பனை பண்ணினவங்களுக்கு அதுல ஒரு உலகத்துலயாவது ஒரு யூனியனைக் கற்பனை பண்ண முடியல.

‘டே ஒஃப் அசென்ஷன்’ சின்னப் புத்தகம், ரெண்டு ராத்திரி போதும். ஆங்கிலம் கொஞ்சம் கடினம், முதல் முப்பது பக்கத்துல இயந்திரப் பேர்கள் குழப்பும்; விடாம போங்க. ‘ஃபிஃப்டீன் அவர்ஸ்’, ‘நெக்ரோபோலிஸ்’ ரெண்டையும் முடிச்சுட்டு இதுக்கு வந்தா நல்லது. கேய்னை எப்ப வேணும்னாலும் நடுவுல வச்சுக்கலாம்.